பூட்டினுள் முறிந்த சாவி

மோட்டார் வண்டியின் உறுப்புகளுள் நாம் நாள்தோறும் கையால் தொடுவதும், ஒரு நாளேனும் எண்ணிப் பாராததும் அதன் சாவியே ஆகும். அது முறிந்து, பாதி கையிலும் பாதி பூட்டினுள்ளும் நின்றுவிடும்போதுதான் அதனைப் பற்றிய நினைவு நமக்கு எழுகிறது. அவ்வேளையில் பலரும் முதலிற் செய்யும் காரியம், கையிலுள்ள பாதியை மீண்டும் துவாரத்தில் நுழைத்து அழுத்திப் பார்ப்பதுதான். உள்ளே கிடக்கும் துண்டு அதனால் மேலும் ஆழமாகப் போய்விடுகிறது. கால் மணி நேரத்தில் முடியக்கூடிய வேலை, பூட்டையே கழற்றி மாற்றும் செலவாக முடிகிறது.

பூட்டின் உள்ளமைப்பு இன்னதென்று அறிந்தவர் இவ்வாறு செய்யத் துணியார். ஆதலால் அதை முதலில் பார்ப்போம், நேயர்களே. பழைய எகிப்தியர் மரத்தாற் செய்த பூட்டுகளிலேயே, மேலிருந்து விழும் சிறு முளைகள் தாழைத் தடுத்து நிற்கும் முறை இருந்தது. அமெரிக்கரான லைனஸ் யேல் என்பவர் 1861-லும் 1865-லும் பெற்ற காப்புரிமைகளால் அதே முறை, சிறிய தட்டைச் சாவியால் திறக்கும் உலோகப் பூட்டாக உருப்பெற்றது. மோட்டார் வண்டிகளில் பெரும்பாலும் முளைகளுக்குப் பதிலாக மெல்லிய உலோகத் தகடுகள் அமைந்திருக்கும். உருளை ஒன்றினுள் இத்தகடுகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் நடுவிலும் சாவி நுழைய ஓர் இடைவெளி உண்டு. ஒவ்வொன்றையும் ஒரு சிறு சுருள்வில் தள்ளிக்கொண்டிருக்கும். சாவி இல்லாதபோது தகடுகள் உருளைக்கு வெளியே நீட்டி, சுற்றியுள்ள கூட்டின் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும், உருளை திரும்பாது. உரிய சாவியின் வெட்டுகள் அத்தகடுகளை எல்லாம் சரியாக உருளையின் விளிம்போடு நிறுத்தும்போது மட்டுமே அது திரும்பும்.

இதிலிருந்து ஓர் உண்மை தானே விளங்கும். உருளை திரும்பியபின் தகடுகளுக்கு எதிரே பள்ளம் இல்லை, வழவழப்பான சுவரே இருக்கிறது. தகடுகள் அசைய இடமின்றிச் சாவியைப் பிடித்துக்கொள்கின்றன. எனவே திரும்பிய நிலையில் முறிந்த துண்டை எவ்வளவு இழுத்தாலும் அது வராது. மெல்லிய திருப்புளியின் நுனியைத் துவாரத்தின் முகப்பில் மட்டும் பொருத்தி, உருளையைச் சாவி நுழையும் பழைய நிலைக்கு முதலில் கொண்டுவர வேண்டும். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கையில் சாவி முறிந்தாலும் இதுவே வழி. உருளை அசையாவிட்டால், கையால் பல்லிணை மாற்றும் வண்டியை உயர்ந்த கியரில் இட்டு, பிரேக்கை நன்கு மிதித்தபடி கிளட்சை விட்டால் இயந்திரம் நின்றுவிடும்.

அப்பால் துண்டை எடுக்கும் பணி. தடித்த இடுக்கி இதற்கு ஆகாது. பிடிக்கப் புகுந்து, தள்ளிவிடுவதே அதன் வழக்கம். மரத்தில் பூவேலை அறுக்கப் பயன்படும் மெல்லிய ரம்பத்தின் அலகு மிகவும் உதவும். அதன் பற்கள் நம்மை நோக்கிச் சாய்ந்திருக்குமாறு பிடித்து, சாவியின் வெட்டுள்ள பக்கத்தை ஒட்டி உள்ளே செலுத்தி, சற்றே முறுக்கி, பல் ஒன்று வெட்டில் மாட்டியதும் நேராக வெளியே இழுக்க வேண்டும். ஒருமுறையில் வராது. சுருள்வில்கள் ஒவ்வொரு வெட்டிலும் துண்டைப் பிடித்து நிறுத்தும். மயிரிழை மயிரிழையாகவே அது நகரும். விளிம்பு வெளியே தெரிந்தபின் இடுக்கி கொள்ளலாம். உடனே ஒட்டும் பசையைக் கையிலுள்ள பாதியில் தடவி உள்ளே ஒட்டவைத்து இழுக்கலாம் என்று சிலர் யோசனை கூறுவதுண்டு. அந்த யோசனையை யார் கூறினாலும் கேளாதிருப்பதே நன்று. அப்பசை நீர்போல் பரவி, தகடுகளையும் உருளையையும் ஒன்றாக இறுக்கிவிடும்.

சாவி ஏன் முறிகிறது? பல சாவிகள் பித்தளையாலோ, நிக்கல் வெள்ளி எனப்படும் கலப்பு உலோகத்தாலோ ஆனவை. பின்னதில் பெயரைத் தவிர வெள்ளி ஒரு சிறிதும் இல்லை. அது செம்பும் நிக்கலும் துத்தநாகமும் சேர்ந்தது. மிக ஆழமான வெட்டு உள்ள இடத்தில் சாவி குறுகியிருக்கும். முறுக்கும் விசை முழுவதும் அங்கே குவிகிறது. கண்ணுக்குப் புலப்படாத ஒரு வெடிப்பு அங்கே தோன்றி, ஆயிரக்கணக்கான முறை திருப்பத் திருப்ப வளர்ந்து, கடைசியில் சாதாரணமான ஒரு திருப்பலில் சாவி இரண்டாகிறது. உலோகத்தின் களைப்பு என்று பொறியியலார் கூறுவது இதனைத்தான். விரைவில் முறியச் செய்வது வேறொன்று. முன்சக்கரம் நடைபாதை ஓரத்தில் முட்டி நிற்கையில், ஸ்டியரிங்கைப் பூட்டும் முளை இறுகி, சாவி திரும்ப மறுக்கும். அப்போது சாவியின்மேல் வலிமையைக் காட்டுகிறோம்; காட்ட வேண்டியது ஸ்டியரிங் சக்கரத்தின்மேல். அதை இடமும் வலமும் மெதுவாக அசைத்தபடி திருப்பினால் சாவி தானே இணங்கும்.

முறிந்த துண்டுகள் இரண்டையும் எறிந்துவிடலாகாது. அவற்றைப் பொருத்தி வெட்டுகளின் ஆழத்தை அளந்து புதிய சாவி வெட்ட இயலும். 1990-களுக்குப் பிந்திய பல வண்டிகளில் சாவியின் தலைப்பகுதியினுள் ஒரு மின்னணுச் சில்லு உண்டு. வண்டி அதன் அடையாளத்தை உணர்ந்தாலன்றி இயந்திரம் ஓடாது. உலோகம் எவ்வளவு நுட்பமாக வெட்டப்பட்டிருந்தாலும் பயனில்லை.

வளையத்தில் வீட்டுச் சாவி, அலமாரிச் சாவி, பித்தளைப் பதக்கம் எனக் கோத்துத் தொங்கவிடும் பழக்கம் பற்றியும் ஒரு செய்தி உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 2014-ஆம் ஆண்டில் சுமார் 26 இலட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அவற்றின் சாவி ஸ்விட்சில் இருந்த வில்லின் பிடிப்புப் போதாமையால், கனத்த சாவிக்கொத்தின் பாரத்தாலோ சாலையின் குலுக்கலாலோ ஸ்விட்ச் ஓட்ட நிலையிலிருந்து நழுவிவிடும். இயந்திரம் நிற்கும், மோதலின்போது காக்க வேண்டிய காற்றுப்பையும் விரியாது. நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதி, இக்குறையால் நேர்ந்தனவென 124 மரணங்களை ஏற்றது. 2006-ஆம் ஆண்டு ஏற்பாட்டில் அவ்வுறுப்பைத் திருத்தியவர்கள் அதன் எண்ணை மாற்றாமல் விட்டதனால், எது பழையது எது புதியது என்று ஆராய்ந்தவர்களுக்கு நெடுங்காலம் விளங்கவில்லை. புதிய உறுப்பு பொருத்தப்படும் வரை, வளையத்தில் வண்டிச் சாவியைத் தவிர வேறொன்றும் இருத்தலாகாது என்று உரிமையாளர்களுக்கு அறிவிக்கப்பட்டது.