பெயரோடு புள்ளியும் வேண்டும்



இலவசக் கல்வி இந்நாட்டில் 1945 இல் நடைமுறைக்கு வந்தது. எனினும் தேசிய பாடசாலைகளின் முதலாந் தரத்து வாயிலில் இன்றும் நாம் கைகட்டி நிற்கின்றோம்.

அண்மைக்காலச் சுற்றுநிருபங்கள் பாடசாலைக்கு அருகில் வதிவோர்க்கு 50 வீத இடங்களையும், பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு 25 வீதத்தையும் வகுத்தன. வதிவை நிலைநாட்ட வாக்காளர் இடாப்பும் காணி உறுதியும் கேட்கப்படுகின்றன. இடப்பெயர்வில் உறுதியை இழந்த கமக்காரன் எதைக் காட்டுவான்?

விதி கடுமையாயினும் பொறுப்போம். அது மறைவில் இயங்குவதைப் பொறோம். காத்திருப்போர் பட்டியலிற் பெயர் மட்டும் போதாது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பிரிவும் புள்ளியும் இருத்தல் வேண்டும். ஏழாம் பெயரைத் தாண்டிப் பத்தாம் பெயர் உட்புகுந்தால், காரணங் கேட்பது இரப்பன்று, உரிமை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் அவ்வுரிமையை எழுத்திலே தந்துள்ளது.

ஆகவே, நேர்முகப் பரீட்சையன்றே நமக்கிட்ட புள்ளியைக் கேட்டுக் குறித்துக்கொள்வோம். தற்காலிகப் பட்டியல் வெளியானதும், குறித்த தவணைக்குள் மேன்முறையீட்டை எழுத்திற் கொடுத்துப் பிரதியொன்றைப் பேணுவோம். அநீதி தெளிவாயின் உயர் நீதிமன்றம் உண்டு. ஆனால் அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதமே தவணை என்பதை மறவோம்.

சிபாரிசுக் கடிதத்துக்கு அலைந்த கால்கள் இனிக் கணக்குக் கேட்க நடக்கட்டும்.