எந்தக் காலத்தில் வந்து இறங்கினோம்?



காலப்பயணம் பற்றி ஒரு சிறிய வானொலி நாடகம் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்காவும் தம்பியும் எங்கோ ஒரு காலத்துக்குப் போய்விட்டு ஊர் திரும்புகிறார்கள். ஊர் கும்மிடிப்பூண்டி. சினிமா என்றால் சுவரில் ஒரு காலண்டரைக் காட்டி வருஷத்தைச் சொல்லிவிடலாம். வானொலியில் அந்த வசதி கிடையாது. வந்து இறங்கிய காலம் எது என்பதை அவர்களும் காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும், நாமும் காதால்தான்.

"சிப்காட்டுல சங்கு ஊதுதாடா?"

"இல்லக்கா. ரயிலு போவுது. ஆனா கரி வண்டி, கூவுது பாரு."

அவ்வளவுதான். சிப்காட் தொழிற்பேட்டை வருவதற்கு முன்னாலேயே இறங்கிவிட்டார்கள் என்று கேட்பவருக்குப் புரிந்துவிடும்.

இந்தக் கதைகளில் போவது சுவாரசியமே இல்லை என்பது என் கட்சி. திரும்புவதில்தான் கதை இருக்கிறது. நம் புராணத்திலேயே உண்டு. ரைவத மன்னன் மகள் ரேவதிக்கு மாப்பிள்ளை கேட்டுப் பிரம்மலோகம் போகிறான். அங்கே கந்தர்வர்களின் பாட்டு நடக்கிறது. முடியட்டும் என்று காத்திருக்கிறான். பாட்டு முடிந்து விஷயத்தைச் சொன்னால் பிரம்மா சிரிக்கிறார்: பூமியில் 27 சதுர்யுகங்கள் கழிந்துவிட்டன, நீ மனதில் வைத்திருந்த மாப்பிள்ளைகளின் பேரன் பேத்திகள்கூட இப்போது இல்லை. கடைசியில் பலராமனுக்கு ரேவதியைக் கொடுக்கிறான். ஒரு பாட்டு கேட்ட நேரத்தில் ஊரே போய்விட்டது!

நிஜத்திலும் ஒருவர் உண்டு. செர்கெய் கிரிகாலேவ் 1991 மே மாதம் சோவியத் குடிமகனாக மிர் விண்வெளி நிலையத்துக்குப் போனார். 1992 மார்ச்சில் தரையிறங்கியபோது சோவியத் யூனியன் இல்லை. அவர் பிறந்த லெனின்கிராட் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஆகியிருந்தது. வேகமாகப் போகும் கடிகாரம் மெதுவாக ஓடும் என்று ஐன்ஸ்டைன் சொன்னாரே, அந்தக் கணக்குப்படி ஆறு பயணங்களில் 803 நாள் மேலே இருந்த கிரிகாலேவ் நம்மைவிட ஒரு நொடியில் சுமார் ஐம்பதில் ஒரு பங்கு இளையவர். கண் சிமிட்டுவதற்குக்கூடப் போதாது. நாடு போனதற்கு அந்த மிச்சம் ஈடாகுமா?

முன்னோக்கிப் போக இப்படி ஒரு சிறு சந்தாவது இருக்கிறது. பின்னோக்கிப் போக இதுவரை யாரும் வழி காட்டியதில்லை. ஆனால் அங்கிருந்து நம்மிடம் வந்து சேர்ந்தவை உண்டு, அதுவும் கும்மிடிப்பூண்டி இருக்கும் இதே திருவள்ளூர் மாவட்டத்தில். கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் உள்ள அத்திரம்பாக்கத்தில் 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கற்கருவிகளைக் கண்டெடுத்தார்கள். பிறகு சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர் அங்கே ஆழமாகத் தோண்டினார்கள். அங்கே கிடைத்த கைக்கோடாரிகளுக்குச் சுமார் 15 லட்சம் வயது என்று 2011இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டார்கள்.

கல்லுக்கு எப்படி வயது பார்த்தார்கள்? வெட்டவெளியில் கிடக்கும் கல்லின் மேல் விண்வெளியிலிருந்து கதிர்கள் விழுந்துகொண்டே இருக்கும். அதனால் கல்லுக்குள் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற கதிரியக்க அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். மண் ஆழமாக மூடியதும் சேர்வது நின்று, இருப்பது சிதையத் தொடங்கும். அலுமினியம் சுமார் 7 லட்சம் ஆண்டில் பாதியாகிவிடும். பெரிலியம் பாதியாக அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு காலம் ஆகும். இரண்டிலும் மிச்சத்தை அளந்தால் கல் எப்போது புதைந்தது என்று தெரிந்துவிடும். மண்ணடுக்கில் பதிந்திருந்த பூமியின் பழைய காந்தத் திசையையும் பார்த்து இந்தக் கணக்கைச் சரிபார்த்தார்கள்.

ஆகவே நம் நாடகத்தின் கடைசிக் காட்சியில் அக்காவும் தம்பியும் வீட்டுக்குக் கிளம்பி, கொஞ்சம் கூடுதலாகப் பின்னால் போய்விடுகிறார்கள். 15 லட்சம் ஆண்டு. மாவட்டம் அதேதான். ஆனால் நம் மனித இனமே இன்னும் தோன்றவில்லை. எதிரே உட்கார்ந்து கல் செதுக்குபவரிடம் எந்த மொழியில் வழி கேட்பது? வசனமே எழுத முடியாத காட்சி இது. கல்லில் கல் மோதும் சத்தம் மட்டும் ஒரு நிமிடம் ஓட வேண்டும். ஒலிப்பதிவு அறைக்கு இரண்டு கெட்டியான கூழாங்கல் கொண்டுபோனால் போதும். அத்திரம்பாக்கத்திலிருந்து மட்டும் எடுத்து வராதீர்கள். அங்கே கிடப்பதை யாரும் எடுக்கக் கூடாது. பார்க்க ஆசையென்றால் பூண்டி நீர்த்தேக்கத்துப் பக்கம் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கிறது.