குடியைக் கட்டுப்படுத்துவது சட்டமே!

நடுவர் அவர்களே! எதிரே வரிசையாக அமர்ந்திருக்கும் 'குடும்பமே' அணியினரே! அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்திருக்கும் தாய்மார்களே!

எனக்கு முன்னால் பேசிய ஐயா, "பெண்டாட்டி கண்ணீர் விட்டா எப்பேர்ப்பட்ட குடிகாரனும் திருந்திடுவான்"னு சொல்லிட்டுப் போனார். ஐயா எங்க ஊர்ப் பக்கம் வந்ததில்லை போலிருக்கிறது. நான் புதுச்சேரிக்காரி. (சிரிப்பு)

பாருங்க, ஊர் பேரைச் சொன்னதுமே சிரிக்கிறாங்க! மணக்குள விநாயகர் இருக்கிற ஊரு. பாரதியார் 1908 முதல் 1918 வரை வாழ்ந்த ஊரு. அதெல்லாம் ஒருத்தருக்கும் ஞாபகம் வராது!

இந்தப் பேரு எப்படி வந்தது? ராஜாஜி 1937-ல் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டு வந்தார். 1948-ல் சென்னை மாகாணம் முழுக்க வந்தது. நாங்களோ 1954 வரை பிரெஞ்சுக்காரன் கையில். அங்கே கடை மூடினால் இங்கே திறந்திருந்தது. பிறகு தமிழ்நாட்டிலும் கடை வந்தது. 2003 முதல் டாஸ்மாக்கே சில்லறையிலும் விற்கிறது. ஆனாலும் எங்க ஊரில் வரி குறைவு, விலை குறைவு. முத்தியால்பேட்டையைத் தாண்டினால் கோட்டக்குப்பம், அது தமிழ்நாடு. நடந்தே வரலாம்!

பின்லாந்துக்காரன் இதுக்காகக் கப்பலேறி எஸ்தோனியா போறான். எஸ்தோனியாவில் வரியை ஏத்தினாங்க, அந்த ஊர்க்காரன் லாட்வியாவுக்குக் கிளம்பிட்டான். கடைசியில் 2019-ல் வரியைக் கால் பங்கு குறைக்க வேண்டியதாயிற்று. வெள்ளைக்காரனுக்கும் நம்ம ஆளுக்கும் இதில் மட்டும் பேதமே கிடையாது! (கைதட்டல்)

எங்க மாமா விழுப்புரம். பஸ்ஸில் ஒரு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவார். எங்க அம்மாவுக்குப் பெருமை தாங்காது. "பாருடி, தங்கச்சியைப் பார்க்காம எங்க அண்ணனால இருக்க முடியாது!" வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைப்பாங்க. சாப்பிட்டு முடித்ததும், "சும்மா கடைத்தெரு வரைக்கும்..." என்று மஞ்சள் பையோடு கிளம்புவார். அத்தை அழுதாங்க. பேரன் தலைமேல் சத்தியம் வாங்கினாங்க. மாமா சொல்வார்: "பாட்டிலுக்கு எவ்வளவு மிச்சம் தெரியுமா?" அத்தை கேட்டாங்க: "மிச்சம் பிடிச்ச காசைக் கண்ணுல காட்டுங்க!" அது எங்கே இருக்கும்? அடுத்த பாட்டிலில் இருக்கும்! (சிரிப்பு)

2020 மே மாதம். கொரோனா. கூட்டம் எல்லை தாண்டி வரக் கூடாதென்று எங்க அரசாங்கம் மதுவுக்குச் சிறப்பு வரி போட்டு, தமிழ்நாட்டு விலைக்கே கொண்டு வந்தது. சில மாதத்தில் பஸ் ஓட ஆரம்பித்தது. மாமா வரவில்லை. அம்மா போன் போட்டாங்க. "முட்டி வலி தாயி, பஸ் ஏற முடியல."

குடியை விட்டாரா? இல்லை. பொய் சொல்ல மாட்டேன். உள்ளூரிலேயே வாங்கினார். ஆனால் பையில் வாங்கி பீரோவில் அடுக்குவது போச்சு. "பாதியாக் குறைஞ்சிருக்கு"ன்னு அத்தையே சொன்னாங்க. இருபது வருஷக் கண்ணீர் செய்யாததை ஒரு வரி செய்தது, நடுவர் அவர்களே!

2021 ஏப்ரலில் அந்த வரியை எடுத்தாங்க. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் மாமா! கையில் மஞ்சள் பை!

"முட்டி வலி?"ன்னு கேட்டேன்.

"போயிடுச்சும்மா!" (பலத்த சிரிப்பு)

அம்மா சிரிக்கலைங்க. உள்ளே போய் இலை போட்டாங்க. அன்னிக்கு மீன் வாங்கலை. ரசம் ஊத்தினாங்க.