சாவி திரும்பவில்லையா? திரும்பியும் வண்டி அணைகிறதா?

(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

லிஃப்ட் பராமரிப்புக்கும் தண்ணீர் லாரிக்கும் நடுவில் எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். புஷ் பட்டன் வண்டிக்காரர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்; நம் பேஸ்மென்ட்டில் சாவி போட்டுத் திருகும் வண்டிகள் இன்னும் நிறைய நிற்கின்றன.

"இக்னிஷன் போச்சு" என்று பொதுவாகச் சொல்கிறோம். அங்கே இருப்பது இரண்டு பொருள். சாவி நுழைகிற பூட்டு சிலிண்டர் ஒன்று. அதன் பின்னால் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் சுவிட்ச் இன்னொன்று. சாவி நுழையவில்லை, சிக்குகிறது என்றால் பெரும்பாலும் சிலிண்டர். சாவி நன்றாகத் திரும்பியும் டேஷ்போர்டு விளக்கு விட்டு விட்டு எரிந்தால், சாவியை லேசாக ஆட்டும்போது எஞ்சின் அணைந்தால், சுவிட்ச்சைச் சந்தேகப்படுங்கள். இதை மெக்கானிக்கிடம் சொல்லத் தெரிந்தாலே, முழு செட்டையும் மாற்றும் செலவு தப்பலாம்.

சாவி திரும்பாவிட்டால் பலத்தைக் காட்டாதீர்கள், உள்ளேயே உடையும். ஸ்டீயரிங்கை இடமும் வலமும் லேசாக அசைத்துக்கொண்டே திருப்புங்கள். பல சமயம் ஸ்டீயரிங் லாக்கின் அழுத்தம்தான் காரணம். ஸ்பேர் சாவியையும் போட்டுப் பாருங்கள். அது சுலபமாகத் திரும்பினால் தேய்ந்தது சாவிதான், பூட்டு அல்ல. தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கிராஃபைட் தூள் போதும்.

சுவிட்ச் கோளாறைத் தள்ளிப்போடக் கூடாது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 2014-ல் செவர்லே கோபால்ட் உள்ளிட்ட சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது இதற்காகத்தான். சுவிட்ச்சின் பிடிப்பு தளர்வாக இருந்ததால், கனமான சாவிக்கொத்தின் இழுப்பிலோ முழங்கால் பட்டோ சாவி பின்னுக்கு நழுவும். எஞ்சின் அணையும், ஏர்பேக்கும் விரியாது. 124 மரணங்களுக்கு இழப்பீடு கொடுத்தார்கள். 2006-லேயே சுவிட்ச்சைத் திருத்தியிருந்தும் பாகத்தின் எண்ணை மாற்றவில்லை. அதனால் காரணத்தைக் கண்டுபிடிக்கவே வருடங்கள் ஆயின. ஆகவே வீட்டுச் சாவி, பீரோ சாவி, பிள்ளையார் பொம்மை எல்லாவற்றையும் கார் சாவியிலிருந்து இன்றே கழற்றிவிடுங்கள்.

ஓடும்போது அணைந்துவிட்டால் சாவியை உருவாதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். ஸ்டீயரிங் கனக்கும், ஆனால் திரும்பும். பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்திப் பிடியுங்கள். விட்டு விட்டு மிதித்தால் பூஸ்டரில் மிச்சமிருக்கும் உதவியும் தீர்ந்துவிடும்.

மாற்றும் வேலையை யூடியூப் பார்த்துச் செய்ய ஆசைப்படுபவர்கள் நம்மில் உண்டு, பெயர் சொல்ல மாட்டேன். பக்கத்திலேயே ஏர்பேக் வயர் ஓடுகிறது. பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றி, சில நிமிடம் காத்திருக்காமல் கை வைக்கக் கூடாது. என்னைக் கேட்டால், தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

சாவித் தலைக்குள் இம்மொபிலைசர் சிப் இருக்கும் வண்டிகளில், புது சிலிண்டரோடு வரும் சாவி பூட்டைத் திருப்பும், எஞ்சினைக் கிளப்பாது. பழைய சிப்பை அதில் மாற்றவோ புதியதைப் பதிவு செய்யவோ வேண்டும். கதவுக்கு ஒரு சாவி, இக்னிஷனுக்கு ஒரு சாவி என்று ஆகாமலிருக்க, புது சிலிண்டரைப் பழைய சாவிக்கே பொருத்தித் தர முடியுமா என்று முன்பே கேளுங்கள். பில்லையும் பழைய சாவிகளையும் திரும்ப வாங்குங்கள். வண்டி திருடு போனால் இன்ஷூரன்ஸ்காரர்கள் முதலில் கேட்பது இரண்டு சாவியையும்தான்.

கேள்விகளை டீ வேளையில் கேளுங்கள். தண்ணீர் லாரிக்காகச் செயலாளர் காத்திருக்கிறார்.