மனநலப் பணியில் எழுதுகோல்

ஊளம்பாறை என்பது திருவனந்தபுரத்தில் ஓர் இடத்தின் பெயர். பேச்சு வழக்கிலோ அஃது ஓர் ஏச்சு. சென்னையில் கீழ்ப்பாக்கத்திற்கு நேர்ந்ததே அதற்கும் நேர்ந்தது. 1870 இல் தோன்றிய மனநல மருத்துவமனை அங்கிருப்பதே காரணம். 1956 வரை திருவிதாங்கூர்ப் பகுதியோடு இணைந்திருந்த நாஞ்சில் நாட்டுத் தமிழர்க்கும் அம்மருத்துவமனை அயலன்று. ஊர்ப்பெயரே வசையாகிவிட்ட இடத்தில், மனநலத் தொண்டு நிறுவனமொன்றின் செய்தித் தொடர்பாளர் தம் பணியை எங்கிருந்து தொடங்குவது?

மலையாளக் கவிஞர் சுகதகுமாரியின் வாழ்வு இதற்கு ஒரு விடை தருகிறது. அவர் அம்மருத்துவமனைக்குள் சென்று, பெண் நோயாளர் கிடந்த அவலநிலையைக் கண்டு பதைத்தார். 1985 இல் அபயா என்னும் அமைப்பை நிறுவினார். அவர் மருத்துவர் அல்லர். சைலண்ட் வேலிக் காட்டுக்காக வாதாடிப் பழகிய நாவும் எழுத்துமே அவருடைய கருவிகள். மதிலுக்குள் நடப்பதை மதிலுக்கு வெளியே இருப்போர் அறியச் செய்ததே அவர் அளித்த முதற் சிகிச்சை எனலாம். 2020 இல் அவர் மறைந்தார்.

இன்று இத்தகைய நிறுவனங்களில் இப்பணி தனித் தொழிலாகவே வளர்ந்துள்ளது. நன்கொடையாளர்க்கு மடல் வரைவதும், பத்திரிகைகளுக்கு விடையளிப்பதும், பள்ளிகளுக்குத் துண்டு வெளியீடு எழுதுவதும் அதன் அன்றாடக் கடமைகள். இவை எவரும் கற்றுக்கொள்ளக் கூடியவை. கடினமானது வேறொன்று. சடை பிடித்த தலையும் வெறித்த விழியுமாக ஒரு பெண்ணின் படத்தை அச்சிட்டால் பணம் வரும். அவள் குணமடைந்து ஊர் திரும்பிய பின்னரும் அப்படம் அவளைத் தொடரும்.

அப்படியானால் எதையும் காட்டலாகாதா? 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியிற் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீக்கிரையாயினர். அச்செய்தி நாடெங்கும் பரவியதனாலன்றோ உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து விசாரித்தது! சங்கிலியைக் காட்டத்தான் வேண்டும்; முகத்தைக் காட்டலாகாது என்பதே நம் கருத்து. சிகிச்சை பெறுபவரின் படத்தையோ விவரத்தையோ அவர் இசைவின்றிப் பத்திரிகைகளுக்குத் தரலாகாதென 2017 ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டமும் விதிக்கிறது. ஆயினும், உண்ண உணவும் உறைய இடமும் தரும் நிறுவனமே கேட்கும்போது, தரப்படும் இசைவு உண்மையில் இசைவுதானா? நல்ல செய்தித் தொடர்பாளர் கையெழுத்துத் தாளைக் கண்டு அமைதியுறார். அவர் வெளியிடாது விட்ட படங்களே அவர் திறமைக்குச் சான்று. அவற்றை எவரும் காண்பதில்லை என்பது இத்தொழிலின் விந்தை.

பிற மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு மொழியும் ஒரு மதிலாகிறது. காய்ச்சலைக் கருவி அளந்துவிடும். மனத்துயரை நோயாளர் தம் சொல்லாலேயே உணர்த்தியாக வேண்டும். திருவனந்தபுரத்தில் "நெஞ்சு படபடக்கிறது" என்றால் மருத்துவர் ஒருவாறு உணர்ந்துகொள்வார். சூரத்திலோ லூதியானாவிலோ உழைக்கும் தமிழர் அதை யாரிடம் சொல்வார்? சிகிச்சைக்கு இசைவு கேட்குமுன் நோயாளருக்கு விளங்கும் மொழியில் விவரம் உரைக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தின் கட்டளையே. உடன் செல்வோர் இதைத் தயங்காது கேட்டுப் பெறலாம். 2022 முதல் இயங்கிவரும் டெலி மானஸ் சேவையில், 14416 என்ற எண்ணில் அழைத்துத் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.