பின்புறச் சத்தம் எங்கே பிறக்கிறது?



காரின் பின்பக்கத்தில் ஒரு சத்தம். பட்டறையில் ஷாக் அப்சர்பரை மாற்றுகிறார்கள், சத்தம் போகவில்லை. வீல் பேரிங்கை மாற்றுகிறார்கள், அப்போதும் போகவில்லை. வாடகைக்கு வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கு இது எவ்வளவு பெரிய அடி! இதில் பெரும்பகுதி தவிர்க்கக்கூடிய செலவு. அதனால்தான் இன்று இதைப் பேச வந்தேன்.

சத்தம் இரும்பு வழியாக ஓடும். பின் அச்சில் பிறப்பது முன் சீட்டுக்கு அடியில் கேட்கும். அதனால் எங்கே கேட்கிறது என்று காதைத் தீட்டுவதைவிட, எப்போது கேட்கிறது என்று கவனிப்பதே பலன் தரும்.

முதலில் டிக்கியைக் காலி செய்யுங்கள். ஜாக்கியும் ஸ்டெப்னியும் தளர்ந்து கிடந்தாலே போதும், அச்சு முறிந்ததுபோலச் சத்தம் எழும். சைலன்சரைத் தாங்கும் ரப்பரையும் ஒருமுறை ஆட்டிப் பாருங்கள்.

பள்ளம் மேட்டில் மட்டும் 'டொக்' என்று அடித்தால் சந்தேகம் ஷாக் அப்சர்பர், அதன் புஷ், ஸ்பிரிங் ஆகியவற்றின் மேல். பொலிரோ போலப் பின்னால் பட்டை ஸ்பிரிங் உள்ள வண்டிகளில் யூ கிளாம்ப் தளர்ந்திருக்கலாம். 'கீச்' என்ற சத்தமானால், ரப்பர் புஷ் ஒவ்வொன்றின் மேலும் தண்ணீர் தெளித்து வண்டியை அழுத்திப் பாருங்கள். எதை நனைத்ததும் சத்தம் அடங்குகிறதோ அதுதான் குற்றவாளி. எண்ணெய் மட்டும் வேண்டாம். ரப்பர் ஊறிக் கெட்டுவிடும்.

சாலை சமமாக இருந்தும் சத்தம் வருகிறது, வேகம் கூடக் கூட அதுவும் கூடுகிறது என்றால், சுழலும் ஏதோ ஒன்றில் கோளாறு. இங்கே சின்னக் கணக்கு ஒன்று உதவும். சாதாரண கார்ச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2 மீட்டர். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு 5 முறை சுற்றும். இன்னோவா கிரிஸ்டா, பொலிரோ, பழைய அம்பாசடர் போன்ற பின்சக்கர இயக்க வண்டிகளில், கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கடத்தும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் சக்கரத்தைப்போல ஏறக்குறைய 4 மடங்கு சுற்றும்; அதாவது நொடிக்கு 20 முறை. நிதானமான தட்டல் சக்கரத்தைச் சேர்ந்தது, படபடவென்ற அதிர்வு ஷாஃப்ட்டைச் சேர்ந்தது. ஸ்விஃப்ட் போன்ற முன்சக்கர இயக்க வண்டிகளில் இந்த ஷாஃப்ட்டே கிடையாது. பாதி சந்தேகம் அங்கேயே தீர்ந்தது.

பேரிங் தேய்ந்தால் 'ஊங்' என்று இரையும். வலப்பக்கம் திரும்பும்போது பாரம் இடப்பக்கச் சக்கரத்தில் ஏறும். அப்போது இரைச்சல் கூடினால் பெரும்பாலும் இடப்பக்கப் பேரிங்தான். தார்ச் சாலையிலிருந்து சிமென்ட் சாலைக்கு வந்ததும் சுருதி மாறுகிறதா? அப்படியானால் டயரைப் பாருங்கள். ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஊளையிட்டு, காலை எடுத்ததும் குரல் மாறினால் பின் அச்சின் டிஃபரன்ஷியலில் உள்ள கிரவுன் பினியன் பல்சக்கரங்களைச் சந்தேகிக்க வேண்டும். அங்கே முதலில் ஆயில் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஷாஃப்ட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதன் முனைகளில் உள்ள யூனிவர்சல் ஜாயின்ட், 17ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஹூக் ஆராய்ந்த அதே அமைப்பு. சாய்வாகச் சுழலும்போது ஒரு ஜாயின்ட் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். அந்த ஏற்ற இறக்கத்தை மறுமுனை ஜாயின்ட் சரிக்கட்டுகிறது. இரண்டும் ஒரே வரிசையில் நின்றால்தான் இது நடக்கும். கழற்றிய ஷாஃப்ட்டை ஒரு பல் தள்ளி மாட்டினாலும், புத்தம்புது ஜாயின்ட் போட்ட வண்டி அதிரும்! ஆகவே கழற்றும் முன் பெயின்ட்டால் குறி போடச் சொல்லுங்கள். ரிவர்ஸ் போட்டதும் 'கடக்' என்று அடித்தாலும், மெதுவாகப் போகும்போது பறவைபோலக் கிறீச்சிட்டாலும் ஜாயின்ட்டின் மூடியைச் சுற்றிப் பாருங்கள். அங்கே செந்நிறத் துருத்தூள் படிந்திருந்தால் உள்ளே ஊசி பேரிங் வறண்டுவிட்டது என்று பொருள்.

சோதிக்கும்போது ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கடியில் நுழையக் கூடாது. ஸ்டாண்டு வைக்க வேண்டும், முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். உதவிக்கு நிற்கும் சின்னப் பையன்களைத்தான் பல இடங்களில் முதலில் அடியில் அனுப்புகிறார்கள். அதை நீங்கள் அனுமதிக்காதீர்கள்.

பட்டறையில் சாவியைக் கொடுத்து, "பின்னால் சத்தம் வருது அண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். எந்த வேகத்தில், எந்தத் திருப்பத்தில், காலை எடுத்தாலா மிதித்தாலா என்று சொல்லுங்கள். மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டுங்கள். அதன் பிறகு ஸ்பானரைத் தொடட்டும். ஜாயின்ட்டிலோ சக்கரத்திலோ ஆட்டம் தெரிந்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள்: ஓடும் வண்டியில் ஷாஃப்ட் அறுந்து விழுந்தால் உயிருக்கே ஆபத்து. அன்றே சரிசெய்யுங்கள்.