விளக்கு எரிந்தால் போதுமா?
மின்சாரக் கம்பளியைப் பரிசோதிக்கும் விதம்

(வலங்கைமானில் தோழர்களிடையே பேசியதின் சாரம்)



இன்று நம்மைப் பேசும்படி கேட்டுக்கொண்ட விஷயம் மின்சாரக் கம்பளியைப் பற்றியதாகும். குடமுருட்டிக் கரையிலே, மேல்துண்டே பாரமாயிருக்கும் ஊரிலே, சூடு தரும் கம்பளிக்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் சிரிக்கலாம். உதகமண்டலத்திலும் கொடைக்கானலிலும் பேச வேண்டியதை இங்கே பேசுவானேன் என்றும் கேட்கலாம்.

ஆனால் சற்று யோசித்துப் பாருங்கள். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் அநேகர் இன்று லண்டனிலும், கனடாவிலும், அமெரிக்காவிலும் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் ஊருக்கு வரும்போது, வயதான தாய் தகப்பனுக்கு மூட்டு வலிக்கு ஆகட்டுமென்று இப்படிப்பட்ட சாமான்களை வாங்கி வருகிறார்கள். அது மாத்திரமல்ல. நாற்பது வருஷம் குனிந்து நாற்று நட்ட தாய்மார்களின் இடுப்பு வலிக்கு ஒத்தடம் கொடுக்கும் ஹீட்டிங் பேடு என்பதும் இதே ஜாதிச் சாமான்தான். இரண்டிலும் துணிக்குள் கம்பி ஓடுகிறது, கம்பி காய்கிறது, அளவுக்கு மீறிக் காயாமல் தடுக்க ஒரு கண்ட்ரோலர் இருக்கிறது. ஆகவே ஒன்றுக்குச் சொல்வது மற்றொன்றுக்கும் பொருந்தும்.

இது சரியாக வேலை செய்கிறதா என்று கேட்டால், வீட்டிலுள்ளவர்கள் என்ன சொல்லுகிறார்கள்? "சிவப்பு விளக்கு எரிகிறதே" என்கிறார்கள். இன்னும் சிலர் டெஸ்டரை வைத்துப் பார்த்து, "கரண்டு வருகிறது" என்கிறார்கள். தோழர்களே, விளக்கு எரிவது கண்ட்ரோலர் வரையில் மின்சாரம் வந்திருக்கிறது என்பதற்குத்தான் அத்தாட்சி. டெஸ்டர் எரிவது அந்த முனையில் வோல்டேஜ் இருக்கிறது என்பதற்குத்தான் அத்தாட்சி. உள்ளே கம்பி அறுந்து கிடந்தாலும் விளக்கு எரியக்கூடும். வாசலில் கோலம் இருப்பதைக் கொண்டே உள்ளே அடுப்பு எரிகிறது என்று முடிவு கட்டலாமா?

பின் எப்படித் தெரிந்துகொள்வது? இங்கிலாந்தில் பீர் வடிக்கும் குடும்பத்தில் பிறந்த ஜூல் என்பவர், கம்பியில் ஓடும் மின்சாரத்துக்கும் அதில் பிறக்கும் வெப்பத்துக்கும் உள்ள கணக்கை 1841-இல் வெளியிட்டார். அவர் அதை நம்பச் சொல்லவில்லை. தண்ணீரில் கம்பியை வைத்து, சூடு எவ்வளவு ஏறிற்று என்று அளந்து காட்டினார். அந்தக் கணக்கிலிருந்து நமக்கு வேண்டியது இரண்டு சங்கதிகள். முதலாவது, மின்சாரம் இழுத்தால் இழுத்த அளவுக்கு வெப்பம் எங்கேயாவது வந்தே தீரும். இரண்டாவது, வோல்டேஜ் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். வோல்டேஜ் பாதியானால் வெப்பம் கால் பங்காகும்.

இந்த இரண்டாவது சங்கதியில்தான் பேராபத்து இருக்கிறது. நமது நாட்டில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். பிரிட்டனிலும் சிங்கப்பூரிலும் அப்படியே. அமெரிக்காவிலும் கனடாவிலும் 120 வோல்ட். அங்கே 100 வாட் சூடு தரும் கம்பளியை இங்கே மாட்டினால், அது சுமார் 367 வாட் இழுக்கும். மூன்றரை மடங்குக்கு மேல்! கம்பி பொசுங்கும், படுக்கையும் பற்றிக்கொள்ளும். பிளக் பொருந்தவில்லையென்று கடையில் ஒரு சிறு அடாப்டர் வாங்கி மாட்டுகிறார்களே, அது முனையைத்தான் மாற்றுமேயொழிய வோல்டேஜை மாற்றாது. ஆகவே முதற் காரியமாக, சாமானில் தைத்திருக்கும் சீட்டைப் படியுங்கள். இங்கிலீஷ் தெரியாவிட்டால் பள்ளிக்கூடத்துப் பெண்ணையோ பையனையோ படிக்கச் சொல்லுங்கள். 230 அல்லது 240 என்றிருந்தால் மாத்திரம் மேலே போகலாம். 120 என்றிருந்தால், பிள்ளை ஆசையாய் வாங்கி வந்ததாயிருந்தாலும் மாட்டாதீர்கள்.

இரண்டாவது காரியம் கண் பரிசோதனை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். பழுப்பேறிய இடம், கருகல் வாடை, துணிக்கு வெளியே துருத்தும் கம்பி, எலி கடித்த ஒயர், ஈரம் ஆகியவற்றில் ஒன்றிருந்தாலும் அதற்கு மேல் பரிசோதனை வேண்டியதில்லை. அதை ஒதுக்கிவிட வேண்டியதுதான்.

மூன்றாவது காரியம் மீட்டர். வீட்டு முகப்பில் ஈ.பி.காரர்கள் வைத்திருக்கும் மீட்டர் பணம் வசூலிக்க மாத்திரம் ஏற்பட்டதல்ல. அது உங்கள் வீட்டிலேயே இருக்கும் ஒரு நல்ல பரிசோதனைக் கருவி. அதில் ஒரு சிறு சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று மீட்டர் முகத்திலேயே அச்சிட்டிருக்கும். சில மீட்டர்களில் அது 3200.

வீட்டில் பிரிட்ஜ், இன்வெர்ட்டர், கொசுவிரட்டி, செல்போன் சார்ஜர் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். மினுக்கல் நின்றுவிட வேண்டும். நிற்காவிட்டால் எங்கேயோ மின்சாரம் போய்க்கொண்டிருக்கிறது. முதலில் அதைக் கண்டுபிடியுங்கள். நின்றபின் கம்பளியை மடிப்பில்லாமல் விரித்து, உச்ச அளவில் போடுங்கள். ஒரு மினுக்கிலிருந்து அடுத்த மினுக்கு வரை எத்தனை வினாடி என்று எண்ணுங்கள். 3200 மீட்டரானால், 1125-ஐ அந்த வினாடியால் வகுத்தால் வருவது வாட். 19 வினாடிக்கு ஒரு மினுக்கானால் சுமார் 60 வாட். 11 வினாடிக்கு ஒன்றானால் சுமார் 100 வாட். இதைச் சீட்டில் போட்டிருக்கும் வாட்டோடு ஒப்பிடுங்கள். ஐந்து பத்து கூடக் குறைய இருக்கலாம். போட்ட முதல் சில நிமிஷங்களிலேயே எண்ணிவிட வேண்டும். சூடு ஏறியபின் கண்ட்ரோலர் தானே நிறுத்தி நிறுத்திப் போடும்.

நான்காவது காரியம் கை. மேலே ஒரு போர்வையை மூடி, பக்கத்திலேயே இருந்து, அரை மணி நேரம் கழித்து, தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். எங்கும் ஒரே சீராகக் கதகதப்பாயிருக்க வேண்டும்.

இனி முடிவுக்கு வருவோம். வாட்டும் சரி, சூடும் சீர் என்றால் சாமான் நல்லது. வாட்டும் இல்லை, சூடும் இல்லை என்றால் கம்பியோ கண்ட்ரோலரோ அறுந்திருக்கிறது.  சீட்டில் போட்டதைவிட வெகுவாக அதிகம் இழுத்தால் ஆபத்து. மீட்டர் சரியாக இழுக்கிறது, ஆனால் கம்பளியில் சூட்டைக் காணோம் என்றாலோ அதைவிடப் பெரிய ஆபத்து. ஏனென்றால் இழுத்த மின்சாரம் வெப்பமாகி வந்தே தீரும் என்றோமே, அந்த வெப்பம் பிளக்கிலோ, இணைப்பிலோ, மடிந்த ஒரு மூலையிலோ திரண்டுகொண்டிருக்கிறது. தீப் பிடிப்பது அங்கேதான். உடனே சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்குங்கள்.

வாட் குறைவாயும் சூடு குறைவாயும் இருந்தால், கம்பளியைத் திட்டுவதற்கு முன் வோல்டேஜைப் பாருங்கள். பம்பு செட்டுகள் ஒரே சமயத்தில் ஓடும்போது வோல்டேஜ் இறங்கிவிடுவதை நீங்கள் அறிவீர்கள். 230 வோல்ட் 180 ஆக இறங்கினால், 60 வாட் கம்பளி 37 வாட்தான் இழுக்கும். அது கம்பளியின் குற்றமல்ல. பல மீட்டர்களில் பித்தானை அழுத்தினால் வோல்டேஜே தெரியும்.

செலவைப் பற்றியும் பலருக்குப் பயமிருக்கிறது. 60 வாட் கம்பளி எட்டு மணி நேரம் விடாமல் எரிந்தாலும் அரை யூனிட்டுக்கு உட்பட்டதே. கணக்குப் போட்டால் பயம் ஓடிவிடும். பயப்பட வேண்டியது பில்லுக்கல்ல, உடம்புக்கு. சர்க்கரை வியாதியால் கால் மரத்தவர்கள், பக்கவாதக்காரர்கள், கைக்குழந்தைகள் ஆகியோருக்கு இதைப் போடவே கூடாது. சுடுவது அவர்களுக்குத் தெரியாது, அல்லது தெரிந்தாலும் சொல்ல முடியாது. காலையில் கொப்புளத்தைத்தான் பார்ப்பீர்கள். மற்றவர்களும் படுக்கையைச் சூடாக்கிக்கொண்டு, தூங்குமுன் பிளக்கைப் பிடுங்கிவிடுவது உத்தமம். பீஸ் கட்டை கம்பியைத்தான் காக்கும், ஆளைக் காக்காது. ஆளைக் காக்க 30 மில்லி ஆம்பியரில் அறுத்துவிடும் ஆர்.சி.டி. என்ற கருவியை வயர்மேனைக்கொண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டனில் பல ஊர்களில் குளிர்காலத்துக்கு முன்னே ஒரு நாள் குறிப்பிட்டு, வயோதிகர்களின் கம்பளிகளை வாங்கி இலவசமாகப் பரிசோதித்து, கெட்டதைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறார்கள். பத்து வருஷமானதை மாற்றிவிடும்படியும் சொல்லுகிறார்கள். அங்கே குளிர் அதிகம். ஆகவே கம்பளி அதிகம். இங்கே அயன் பாக்ஸும், வாளியில் போடும் வாட்டர் ஹீட்டரும், ஹீட்டிங் பேடும் அதிகம். அவையும் வெப்பம் தரும் சாமான்களே. மீட்டர்க் கணக்கு அவற்றுக்கும் உண்டு. மார்கழி பிறக்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெருவுக்கு ஒரு வீட்டில் கூடி, ஒரு வயர்மேனையும் அழைத்துக்கொண்டு, அந்தத் தெருச் சாமான்களையெல்லாம் இப்படிப் பரிசோதித்துவிட்டால் என்ன? கூலி வேலை செய்கிறவர் வீட்டுச் சாமானும், மிராசுதார் வீட்டுச் சாமானும் ஒரே மீட்டரில் ஒரே கணக்கைத்தான் காட்டும்.

ஆகவே தோழர்களே, யார் கொடுத்தது, என்ன விலை, எந்தத் தேசத்துச் சாமான் என்று கேட்டுத் திருப்தியடைந்துவிடாதீர்கள். எவ்வளவு இழுக்கிறது, எங்கே காய்கிறது என்று கேளுங்கள். பதிலை மீட்டரும் உங்கள் கையுமே சொல்லிவிடும். நாம் சொன்னோம் என்பதற்காக இதையும் நம்ப வேண்டாம். இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு அயன் பாக்ஸைப் போட்டு மினுக்கலை எண்ணிப் பாருங்கள். கணக்கு ஒத்துவந்தால் கைக்கொள்ளுங்கள்; பக்கத்து வீட்டாருக்கும் சொல்லுங்கள். இவ்வளவுடன் நமது பேச்சை முடித்துக்கொள்கிறோம்.